கை ஒரு பக்கம், அம்பு ஒரு பக்கம்!

காஞ்சீபுரம் மாவட்டத்தில், உத்திரமேரூர் பக்கத்தில் உள்ள கிராமம் காவாந்தண்டலம். அதுபோன்ற ஒரு கிராமத்து வீட்டை எண்ணிப் பாருங்கள்.

அந்த வீட்டுப் பெண் பிளஸ்-2 படிக்கிறாள். கணக்கில் கெட்டிக்காரி. என்ஜினீயர் ஆக வேண்டும் என்பது அவள் ஆசை.

செல்போன் அவள் விரல் அசைவுக்கு ஆடும். ஆனால் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து மவுசைப் பிடித்தால், திரையில் உள்ள அம்பு பேச்சைக் கேட்பது இல்லை. சில நேரம் கை நகர்ந்து முடிந்த பிறகுதான் அம்பு புறப்படுகிறது. சில நேரம், கொஞ்சம் அசைத்தாலே ஒரேயடியாகப் பாய்கிறது.

“எனக்குக் கை வரலைப்பா!” என்று அவள் கண் கலங்குகிறாள்.

அவள் கலங்க வேண்டியது இல்லை. கோளாறு பெரும்பாலும் கையில் இல்லை!

விளையாட்டுக் காரியம் அல்ல

என்.ஐ.டி. போன்ற பெரிய கல்லூரிகளில் சேர “ஜே.இ.இ. மெயின்” தேர்வு எழுத வேண்டும். 2019-ம் ஆண்டு முதல் தேசிய தேர்வு முகமை இதை நடத்துகிறது. என்ஜினீயரிங் தாளுக்குப் பேனாவும் விடைத்தாளும் கிடையாது. எல்லாம் கம்ப்யூட்டரில்தான்.

கேள்விகள் 75. நேரம் 3 மணி. சரியான விடைக்கு 4 மார்க். தவறான விடைக்கு 1 மார்க் குறையும். விடையாக எண்ணை எழுத வேண்டுமானால்கூட, திரையில் தெரியும் எண் பலகையை மவுசால்தான் அழுத்த வேண்டும்.

ஆகவே, மவுஸ் பழக்கம் இல்லாத பிள்ளைக்கு, பாடம் தெரிந்தும் நேரம் வீணாகும்.

மரப்பெட்டியில் பிறந்த எலி

மவுஸ் பிறந்தது அமெரிக்காவில். டக்ளஸ் எங்கல்பர்ட் என்ற அறிஞர் யோசனை சொன்னார். 1964-ம் ஆண்டு பில் இங்கிலீஷ் என்ற என்ஜினீயர் அதைச் செய்து கொடுத்தார். சின்ன மரப்பெட்டி. அடியில் இரண்டு சக்கரம். மேலே ஒரே ஒரு பொத்தான். வால் போல ஒரு வயர். அதனால் “எலி” என்று பெயர் வந்தது.

1968 டிசம்பர் 9-ந் தேதி சான்பிரான்சிஸ்கோ நகரில் எங்கல்பர்ட் அதை எல்லோருக்கும் செய்து காட்டினார்.

பிறகு சக்கரம் போய், உருண்டை வந்தது. இப்போது உருண்டையும் இல்லை. அடியில் ஒரு விளக்கும், சின்னக் கண்ணும் இருக்கின்றன. அந்தக் கண் மேஜையை வினாடிக்கு ஆயிரம் தடவைக்கு மேல் படம் பிடிக்கிறது. முன் படத்தையும் பின் படத்தையும் ஒப்பிட்டு, மவுஸ் எந்தப் பக்கம், எவ்வளவு தூரம் நகர்ந்தது என்று கண்டுபிடிக்கிறது.

தாமதம் ஏன்?

சாதாரண மவுஸ் ஒரு வினாடிக்கு 125 தடவை கம்ப்யூட்டருக்குச் செய்தி அனுப்பும். திரை வினாடிக்கு 60 தடவை புதுப்படம் காட்டும். எல்லாம் ஒழுங்காக இருந்தால், தாமதம் கண்ணுக்குத் தெரியாது.

தெரிகிறது என்றால், வழியில் எங்கோ தடை இருக்கிறது. இதோ காரணங்கள்:

கம்ப்யூட்டர் ஒரே நேரத்தில் பல வேலைகளைச் செய்து திணறலாம். தேவை இல்லாதவற்றை மூடுங்கள்.

மவுசின் கண்ணில் தூசியோ தலைமுடியோ இருக்கலாம். திருப்பிப் பார்த்து, மெல்ல ஊதி எடுங்கள்.

கண்ணாடி மேஜை, பளபளக்கும் பலகை ஆகியவற்றில் கண் தடுமாறும். ஒரு வெள்ளைக் காகிதத்தைக் கீழே விரித்தால் போதும்.

வயர் இல்லாத மவுசாக இருந்தால், பேட்டரி தீர்ந்து இருக்கலாம். வேகமான யு.எஸ்.பி. 3 துளையில் பென்டிரைவ் போன்றவை வேலை செய்யும்போது, பக்கத்தில் உள்ள மவுசின் அலைக்கு இடைஞ்சல் வருவதும் உண்டு. மவுசின் ரிசீவரைத் தள்ளி வேறு துளையில் செருகுங்கள்.

டி.வி.யைத் திரையாக வைத்திருந்தால், படத்தை அழகுபடுத்தவே டி.வி. நேரம் எடுத்துக்கொள்ளும். “கேம் மோடு” வசதி இருந்தால் அதைப் போடுங்கள்.

பாய்ச்சல் ஏன்?

இது வேறு. பல நேரம் இது கோளாறே அல்ல. வேண்டும் என்றே செய்த ஏற்பாடு!

மேஜையில் இடம் கொஞ்சம். திரையோ அகலம். ஆகவே கை வேகமாக நகர்ந்தால் அம்பு அதிக தூரம் போகும்; மெல்ல நகர்ந்தால் குறைந்த தூரம் போகும் என்று அமைத்தார்கள். பழகியவர்களுக்கு இது சவுகரியம். புதிதாகக் கற்பவர்களுக்குக் குழப்பம். ஏன் என்றால், கை ஒரே தூரம்தான் நகருகிறது. அம்போ ஒரு நாள் இங்கே நிற்கிறது, ஒரு நாள் அங்கே நிற்கிறது.

இதைச் சோதிக்க இரண்டு புத்தகம் போதும். மேஜையில் ஒரு சாண் இடைவெளி விட்டு வையுங்கள். இடது புத்தகத்தை ஒட்டி மவுசை வைத்து, அம்பைத் திரையின் நடுவில் நிறுத்துங்கள். மவுசைச் சட்டென்று வலது புத்தகம் வரை தள்ளுங்கள். பிறகு மிக மெதுவாகத் திரும்பக் கொண்டு வாருங்கள். அம்பு திரையின் ஓரத்தில் முட்டினால், இடைவெளியைக் குறைத்து மறுபடியும் செய்யுங்கள்.

அம்பு புறப்பட்ட இடத்துக்கே வந்தால் பாய்ச்சல் இல்லை. வராவிட்டால், பாய்ச்சல் இருக்கிறது!

விண்டோஸ் கம்ப்யூட்டரில் இதை நிறுத்தலாம். கண்ட்ரோல் பேனலில் “மவுஸ்” பகுதிக்குப் போங்கள். “பாயின்டர் ஆப்ஷன்ஸ்” என்பதைத் திறங்கள். “என்ஹான்ஸ் பாயின்டர் பிரிசிஷன்” என்ற வரிக்கு முன் உள்ள டிக் அடையாளத்தை எடுத்துவிடுங்கள். வேகக் கோட்டை நடுவில் வையுங்கள்.

பரீட்சை அன்று

தேர்வு மையத்தில் உள்ள மவுஸ் வீட்டு மவுஸ் போல இராது. ஆகவே ஒரே மவுசில் மட்டும் பழகக் கூடாது. பள்ளிக்கூடத்திலும், தெரிந்தவர் வீட்டிலும் வேறு வேறு மவுசில் பழக வேண்டும். தேசிய தேர்வு முகமையின் மாதிரித் தேர்வை இலவசமாகவே செய்து பார்க்கலாம்.

தேர்வில் மவுஸ் தகராறு செய்தால், வெட்கப்படாமல் உடனே கண்காணிப்பாளரிடம் சொல்ல வேண்டும். தவறான விடையை அழுத்திவிட்டாலும் பயம் இல்லை. தேர்வை முடிப்பதற்குள் மாற்றிக்கொள்ளலாம்.

செல்போனில் விரல் படத்தின் மீதே இருக்கிறது. மவுசில் கை மேஜையில் இருக்கிறது; கண் திரையில் இருக்கிறது. இரண்டும் ஒன்று சேரச் சில நாள் ஆகும். நெல் நாற்று நடுகிறவர்களுக்கும் முதல் நாளே வரிசை நேராக வந்தது இல்லையே!

அடுத்த தடவை வீட்டுப் பிள்ளை “கை வரலை” என்று சொன்னால், திட்டாதீர்கள். முதலில் மவுசைத் திருப்பிப் பாருங்கள்!