‘உள்ளேன் ஐயா’ சொல்லும் பெட்டி

ஆசிரியர் பெயரை வாசிப்பார், மாணவர்கள் ‘உள்ளேன் ஐயா’ என்று குரல் கொடுப்பார்கள். நமக்குத் தெரிந்த வருகைப் பதிவு இதுதான். இன்று பல பள்ளிகளின் வாசலில் சுவரில் மாட்டிய ஒரு சிறிய பெட்டி அந்த வேலையைச் செய்கிறது. அட்டையைக் காட்டினால் ‘பீப்’ ஒலி. விரலை வைத்தால் ‘தேங்க் யூ’ என்று ஒரு பெண் குரல்.

வருகைக் கணக்கு வெறும் சம்பிரதாயம் அல்ல. இன்று எத்தனை பிள்ளைகள் வந்தார்கள் என்று பார்த்துத்தான் சத்துணவுக்கு அரிசி அளக்கிறார்கள். 1982-ல் சத்துணவாகத் தொடங்கிய மதிய உணவுத் திட்டத்துக்கும் சரி, 2022-ல் தொடங்கிய காலை உணவுக்கும் சரி, தலைக்கணக்கு முக்கியம். வீட்டை விட்டுக் கிளம்பிய பிள்ளை பள்ளிக்கு வந்து சேரவில்லை என்பதை முதலில் சொல்ல வேண்டியதும் இதே கணக்குதான்.

கணக்கு விஷயத்தில் உத்திரமேரூர்க்காரர்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. முதலாம் பராந்தகன் காலத்தில், 10-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் வெட்டிய குடவோலைக் கல்வெட்டைப் பாருங்கள். ஓலை எடுக்கும் நாளில் சபை சிறியவர் முதல் முதியவர் வரை கூடியிருக்க வேண்டும். ஊரில் உள்ள கோயில் நம்பிமார் ஒருவர்கூட விடுபடாமல் வந்து உட்கார வேண்டும். வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவருக்கும் அவருடைய உறவினர்களுக்கும் மறுபடி இடமில்லை!

தமிழகத்து அரசுப் பள்ளி மாணவர் ஒவ்வொருவருக்கும் ‘எமிஸ்’ எண் உண்டு. ஆசிரியர் செல்போன் ஆப்பில் வருகையைப் பதிய, அது சர்வருக்குப் போய்விடும். 2018 டிசம்பரில் சென்னை அசோக் நகர் அரசு மகளிர் மேல்நிலைப் பள்ளியில் முகம் பார்த்து வருகை பதியும் முறையைச் சோதனையாகத் தொடங்கினார்கள். அதெல்லாம் அரசாங்கம் செய்வது. உத்திரமேரூர் பக்கத்துக் கிராமத்தில் நீங்கள் ஒரு டியூஷன் சென்டரோ சிறிய நர்சரி பள்ளியோ நடத்துகிறீர்கள், புதிதாகக் கம்ப்யூட்டரும் வாங்கியிருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். நீங்கள் என்ன செய்யலாம்?

உடனே ஆயிரக்கணக்கில் செலவழிக்க வேண்டாம். யு.எஸ்.பி. போர்ட்டில் செருகும் ஆர்.எஃப்.ஐ.டி. கார்டு ரீடர் ஒன்றும், பிள்ளைக்கு ஒரு கார்டும் வாங்குங்கள். 125 கிலோஹெர்ட்ஸ் வகை என்று கேட்டால் கடைக்காரருக்குப் புரியும். ரீடரைச் செருகிவிட்டு நோட்பேடைத் திறந்து ஒரு கார்டைக் காட்டிப் பாருங்கள். பத்து இலக்க எண் ஒன்று தானாக டைப் ஆகி, கர்சர் அடுத்த வரிக்குப் போகும். கம்ப்யூட்டரைப் பொறுத்தவரை அந்த ரீடர் இன்னொரு கீபோர்டு, அவ்வளவுதான். தனி சாஃப்ட்வேர் எதுவும் தேவையில்லை.

இனி எக்ஸெலைத் திறங்கள். முதல் ஷீட்டுக்கு ‘மாணவர்’ என்று பெயர் வையுங்கள். ஏ காலத்தில் கார்டு எண், பி காலத்தில் பெயர், சி காலத்தில் வகுப்பு. இரண்டாவது ஷீட் அன்றைய வருகைக்கு. அதன் பெயராகத் தேதியையே கொடுக்கலாம். கார்டு காட்டத் தொடங்கும் முன் இரண்டு ஷீட்டிலும் ஏ காலத்தை முழுவதுமாகத் தேர்ந்தெடுத்து ‘டெக்ஸ்ட்’ ஃபார்மேட்டுக்கு மாற்றிவிடுங்கள். இதைச் செய்யாவிட்டால் எண்ணின் முன்னால் உள்ள பூஜ்யங்களை எக்ஸெல் விழுங்கிவிடும். ஒரு ஷீட்டில் மட்டும் மாற்றினால் இரண்டு ஷீட்டும் ஒன்றோடொன்று பொருந்தாது.

வருகை ஷீட்டின் பி காலத்தில் வீ-லுக்கப் ஃபங்ஷனைப் போட்டால், கார்டு எண் விழுந்ததும் பக்கத்தில் பெயர் வந்து நிற்கும். அதன் நான்காவது இடத்தில் ‘ஃபால்ஸ்’ என்று கொடுக்க மறக்காதீர்கள். மறந்தால், பட்டியலில் இல்லாத கார்டுக்கும் எக்ஸெல் வேறு யாருடைய பெயரையாவது எடுத்துப் போடும். ‘மாணவர்’ ஷீட்டில் ஒவ்வொரு பெயருக்கும் எதிரே கவுண்ட்-இஃப் ஃபங்ஷன் போடுங்கள். பூஜ்யம் என்று காட்டும் பெயர்கள்தான் அன்று வராதவர்கள். ஃபில்டர் போட்டுப் பூஜ்யத்தை மட்டும் எடுத்தால் பட்டியல் தயார்.

நேரம்? சிலர் ‘நவ்’ ஃபங்ஷனைப் போடுவார்கள். அது ஷீட் கணக்குப் போடும் போதெல்லாம் மாறும். காலை எட்டே முக்காலுக்கு வந்த பிள்ளை மாலை நாலு மணிக்கு வந்ததாகக் காட்டும். எளிய வழி ஒன்று இருக்கிறது. மணி அடித்ததும் அடுத்த கட்டத்தில் ‘மணி’ என்று நீங்களே டைப் செய்து என்டர் தட்டுங்கள். அதற்குக் கீழே வருபவர்கள் எல்லாம் தாமதம்.

பிள்ளைகள் அதிகமானால் சுவர் டெர்மினல் வாங்கலாம். கார்டு, விரல், முகம் என மூன்று வகையும் கிடைக்கின்றன. நேர் வெயில் படாத இடத்தில், சின்னப் பிள்ளைக்கும் கை எட்டும் உயரத்தில் மாட்டுங்கள். நம்மூரில் அதிகம் புழங்கும் மாடல்கள் பலவற்றில் ஐ.பி. முகவரி 192.168.1.201 என்றும் போர்ட் 4370 என்றும் கம்பெனியிலேயே வைத்து அனுப்புகிறார்கள். உங்கள் கம்ப்யூட்டரின் முகவரியில் முதல் மூன்று எண்கள் அதே 192.168.1 ஆக இருந்தால்தான் இரண்டும் பேசிக்கொள்ளும். நெட்வொர்க் தகராறு செய்தால் கவலை வேண்டாம். பென் டிரைவைச் செருகிப் பதிவுகளை இறக்கிக்கொள்ளும் வசதி பல மாடல்களில் உண்டு. பெட்டியைப் பொருத்தியதும் முதல் வேலையாக உங்களை ‘அட்மின்’ ஆகப் பதியுங்கள். இல்லாவிட்டால் மெனுவுக்குள் யார் வேண்டுமானாலும் போகலாம், பத்தாம் வகுப்புப் பையன்கள் உட்பட. மின்வெட்டு அதிகமுள்ள ஊர் என்றால் சிறிய யு.பி.எஸ். அவசியம். கரண்ட் வந்த பிறகு தேதியும் நேரமும் சரியாக இருக்கிறதா என்று ஒரு முறை பாருங்கள்.

விரல் ரேகை மெஷின் பெரியவர்களுக்கு ஒத்துவரும் அளவுக்குப் பிள்ளைகளுக்கு ஒத்துவராது. விரல் சிறியது, வளர வளர ரேகையின் இடைவெளியும் மாறும். ஆதாரிலேயே 5 வயது வரை ரேகை எடுப்பதில்லை. 5 வயதிலும் 15 வயதிலும் புதுப்பிக்கச் சொல்கிறார்கள். எனவே ஒவ்வொரு ஜூனிலும் மறுபடி பதியுங்கள், இரு கைகளிலும் ஒவ்வொரு விரல். நாற்று நட்டும் செங்கல் தூக்கியும் விரல் தேய்ந்த பிள்ளையை மெஷின் நாலு முறை ‘மறுபடி முயற்சிக்கவும்’ என்று எல்லோர் முன்னும் திருப்பி அனுப்பினால், ஐந்தாம் நாள் அது பள்ளிக்கு வரத் தயங்கும். அந்தப் பிள்ளைக்குக் கார்டு கொடுத்துவிடுங்கள். கார்டிலும் ஒரு சிக்கல் உண்டு: நண்பனுடைய கார்டையும் சேர்த்துக் காட்டுவார்கள். பக்கத்தில் ஒரு ஆசிரியர் நின்று தலைகளை எண்ணினால் போதும்.

ராஜஸ்தானின் உதய்பூர் மாவட்டத்தில் நடந்ததைக் கேளுங்கள். 2003-ல் சேவா மந்திர் அமைப்பு, ஓராசிரியர் பள்ளிகள் சிலவற்றுக்குத் தேதியும் நேரமும் மாற்ற முடியாதபடி பதியும் கேமராக்களைக் கொடுத்தது. தினமும் இருமுறை படம் எடுக்க வேண்டும், அதன்படி சம்பளம். ஆசிரியர் வராத நாட்கள் பாதியாகக் குறைந்தன. பின்னர் அதே மாவட்டத்தில் அரசு நர்சுகளுக்கு நேரம் அச்சிடும் மெஷின் வைத்தார்கள். முதலில் நன்றாகத்தான் போனது. பிறகு மேலதிகாரிகள் ‘விலக்கு நாள்’ என்று எழுதிக்கொடுக்க ஆரம்பித்தார்கள். 16 மாதத்தில் மெஷின் இருந்தும் இல்லாதது போல ஆயிற்று. நோபல் பரிசு பெற்ற எஸ்தர் டஃப்லோ இரண்டு ஆய்வுகளிலும், அபிஜித் பானர்ஜி நர்சுகள் பற்றிய ஆய்விலும் இருந்தவர்கள். பதிவைப் பார்த்து, ‘ஏன் வரவில்லை?’ என்று கேட்க ஆள் இருக்கிறாரா என்பதுதான் கேள்வி. உங்கள் பள்ளியில் காலை பத்து மணிக்குள் அந்தப் பூஜ்யப் பட்டியலை எடுத்து வீடுகளுக்குப் போன் செய்வது யார் என்பதை முடிவு செய்த பிறகு மெஷின் வாங்குங்கள்.

முக மெஷின் பக்கம் போகும் முன் இன்னும் கொஞ்சம் யோசியுங்கள். சுவீடனின் ஷெலெஃப்டியோ நகராட்சி, 22 மாணவர்களின் வருகையை முகம் பார்த்துப் பதிந்ததற்காக 2019-ல் 2 லட்சம் குரோனர் அபராதம் கட்ட நேர்ந்தது. இத்தனைக்கும் சம்மதம் வாங்கியிருந்தார்கள். பள்ளி கேட்கும்போது மறுக்க முடியாத சம்மதம் சம்மதமே அல்ல என்றது கண்காணிப்பு அமைப்பு. நம் நாட்டிலும் 2023-ல் நிறைவேறிய டிஜிட்டல் தனிநபர் தரவுச் சட்டம், 18 வயதுக்குக் கீழ் உள்ளவர்களின் தரவுக்குப் பெற்றோரின் ஒப்புதலைக் கேட்கிறது. அந்தத் தாளைத் தமிழில் அச்சிடுங்கள். எக்ஸெல் ஃபைலுக்குப் பாஸ்வேர்டு வையுங்கள். வருகைப் பதிவு இறக்கிய பென் டிரைவை சினிமா காப்பி செய்ய யாருக்கும் கொடுக்காதீர்கள்.

முதல் ஒரு மாதம் பழைய பதிவேட்டையும் விடாமல் எழுதி வாருங்கள். தினமும் மாலையில் இரண்டையும் ஒப்பிட்டால், எந்தப் பிள்ளையின் கார்டு வேலை செய்யவில்லை, எந்த வரிசையில் பெயர் மாறியிருக்கிறது என்று நான்கைந்து நாளிலேயே பிடிபடும்.