விமானத்தில் தீ மணி



தீ என்று ஒருவர் கூவிவிட்டால் நம் கைகால்கள் பரபரக்கின்றன. கூரை வீட்டில் பற்றிய தீயாயின் அந்தப் பரபரப்பே நம்மைக் காப்பாற்றவும் கூடும். ஆனால் மணிக்கு 150 மைல் வேகத்தில் ஓடுபாதையில் விரையும் பயணி விமானத்தில் தீயை அறிவிக்கும் மணி ஒலிக்குமாயின், பரபரப்பு காப்பாற்றாது, கெடுத்துவிடும். அவ்வேளையில் விமானிகள் செய்வது என்ன என்பதை இன்று விளக்க விரும்புகிறேன்.

விமானம் புறப்படுவதற்கு முன்பே அவர்கள் ஒரு கணக்குப் போட்டுவிடுகிறார்கள். விமானத்தின் எடை, ஓடுபாதையின் நீளம், அன்றைய வெப்பம், காற்று, தரையின் ஈரம் ஆகிய யாவும் அக்கணக்கில் சேரும். விடையாகக் கிடைப்பது ஒரு வேகம். அதனை 'வி-1' என்பர். நாம் தீர்மான வேகம் என்று சொல்லலாம். அந்த வேகம் வருமுன் தீ மணி ஒலித்தால் விமானத்தை நிறுத்த வேண்டும். வந்த பின் ஒலித்தால் பறந்தே ஆக வேண்டும்.

எரிகின்ற எஞ்சினோடு மேலே செல்வதா என்று நமக்குத் தோன்றும். ஆனால் தீர்மான வேகத்தைத் தாண்டிய பின் பிரேக் போட்டால், விமானம் நிற்பதற்கு எஞ்சிய பாதை போதாது. பயணி விமானமோ, அந்த வேகத்துக்குப் பின் ஓர் எஞ்சின் செயலற்றாலும் மற்றதைக் கொண்டு மேலெழும்பும் வண்ணமே அமைக்கப்பட்டிருக்கிறது. ஆதலால் தலைமை விமானி அதுவரை விசைப்பிடியின் மேல் வைத்திருந்த கையைத் தீர்மான வேகம் வந்ததும் எடுத்துவிடுகிறார். மனம் ஒரு கணம் தடுமாறினாலும் கை தடுமாறக் கூடாது என்பதற்காகவே இந்த ஏற்பாடு.

மேலெழும்பிய உடனேயும் எவரும் தீயணைக்கப் பாய்வதில்லை. மணியின் ஓசையை அடக்கிவிட்டு, முதற்கண் விமானத்தை நேராகச் செலுத்துகிறார்கள். சக்கரங்களை உள்ளிழுக்கிறார்கள். பொதுவாக 400 அடி உயரமேனும் வந்த பின்னரே தீயைப் பற்றிய வேலை தொடங்குகிறது. எஞ்சின் இறக்கைக்குக் கீழே தனிக் கூட்டில் தொங்குவதாலும், அதில் தீயைத் தடுக்கும் சுவர் இருப்பதாலும் அந்தச் சில விநாடிகளைப் பொறுக்கலாம். தரைக்கு அருகில் விமானம் நிலைதவறினால் அதைப் பொறுக்க முடியாது.

பிறகு ஒருவர் விமானத்தை ஓட்ட, மற்றவர் மனப்பாடமான வரிசைப்படி செயல்படுகிறார். விசையைக் குறைக்கிறார், எரிபொருளை நிறுத்துகிறார், தீக்கைப்பிடியை இழுக்கிறார். அந்தக் கைப்பிடி எஞ்சினுக்குச் செல்லும் எரிபொருள் வழியை அடைத்து, தீயணைப்பு மருந்துக் குப்பியையும் ஆயத்தமாக்குகிறது. முதற் குப்பியைச் செலுத்தி அரை நிமிடம் கழித்தும் எச்சரிக்கை விளக்கு அணையாவிடில் இரண்டாவது குப்பியைச் செலுத்துவது பல விமானங்களில் விதி.

இவற்றுள் மீட்க முடியாத செயல் ஒவ்வொன்றுக்கும் முன்னே, எந்த எஞ்சின் என்று ஒருவர் கேட்க, மற்றவர் பார்த்து ஆமோதிக்க வேண்டும். இது வெறுஞ் சடங்கன்று. 1989 ஜனவரி 8 அன்று இங்கிலாந்தில் கெக்வொர்த் அருகே விழுந்த போயிங் 737 விமானத்தில், பழுதுற்ற இடப்புற எஞ்சினுக்குப் பதிலாக, நன்றாக இருந்த வலப்புற எஞ்சினை நிறுத்திவிட்டார்கள். 47 பேர் மாண்டனர்.

வரிசையில் ஒரு படி விடுபட்டால் என்ன ஆகும் என்பதற்கு 1968 ஏப்ரல் 8 அன்று நடந்தது சான்று. லண்டன் ஹீத்ரோவிலிருந்து 127 பேருடன் பி.ஓ.ஏ.சி. நிறுவனத்தின் போயிங் 707 விமானம் கிளம்பியது. எழும்பிய சில விநாடிகளில் இடப்புறத்து உள் எஞ்சின் உடைந்தது. எஞ்சின் பழுதுக்குரிய வரிசையைத் தொடங்குமாறு தலைமை விமானி பணித்தார். அது முடியுமுன்னே தீ தெரியவந்தது. தீக்குரிய வரிசைக்கு மாறுமாறு பணித்தார். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தாவிய அந்த இடைவெளியில் தீக்கைப்பிடி இழுக்கப்படாமலே போயிற்று. எஞ்சினே கழன்று கீழே விழுந்த பின்னும் எரிபொருள் பாய்ந்துகொண்டிருந்தது, இறக்கை எரிந்தது.

எனினும் விமானிகள் சில நிமிடங்களுக்குள் விமானத்தைத் திருப்பித் தரையிறக்கினர். 122 பேர் பிழைத்தனர். ஐவர் மாண்டனர். அவருள் ஒருவர் பார்பரா ஜேன் ஹாரிசன் என்னும் பணிப்பெண், வயது 22. பின்வாயிலில் நின்று பயணிகளை வெளியேற்றிய அவர், தாம் தப்பாமல் மீண்டும் உள்ளே திரும்பினார். மறு ஆண்டு அவருக்கு ஜார்ஜ் கிராஸ் விருது அளிக்கப்பட்டது.

அந்த விமானிகள் அனுபவமற்றவர்கள் அல்லர். ஆயினும் ஒரு படி விட்டுப்போயிற்று. 'இனிக் கவனமாக இருங்கள்' என்று அறிவுரை கூறுவதோடு நிறுவனம் நின்றுவிடவில்லை. எஞ்சின் பழுதுக்கும் தீக்கும் தனித்தனியே இருந்த வரிசைகளை ஒன்றாக இணைத்தது. தாவுவதற்கு இடைவெளியே இல்லையென்றால், அதில் தவறி விழுவதற்கும் இடமில்லை அல்லவா?

ஆசிரியனாக இருந்த காலத்தில், கணக்கில் ஒரு படியை விட்ட பிள்ளையின் ஏட்டில் 'கவனக் குறைவு' என்று சிவப்பு மையால் எழுதியிருக்கிறேன். அப்படி எழுதியது எத்தனை ஏடுகளிலோ! ஒரே படியைப் பல பிள்ளைகள் விட்டபோது, நான் சொல்லிக்கொடுத்த முறையில் குறை உண்டா என்று அந்த மையைத் தொடுமுன் ஒரு கணம் எண்ணிப் பார்த்திருக்க வேண்டும். பிழை செய்தவர் யார் என்று கேட்பதோடு, அப்பிழைக்கு வழி வைத்தது எது என்றும் கேட்டதனால் விமானப் பயணம் பத்திரமாயிற்று. அக்கேள்வி வகுப்பறைக்கும் உரியது.