சரக்கும் அமானிதம், ஓட்டுநரின் பெயரும் அமானிதம்

 



தூத்துக்குடித் துறைமுகம் 1974ஆம் ஆண்டு பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பட்டது. 2011 முதல் வ.உ.சிதம்பரனாரின் பெயரைத் தாங்கி நிற்கிறது. திருப்பூரிலும் கரூரிலும் தைத்த துணிகள், நம் உப்பளங்களின் உப்பு, கப்பலில் வந்திறங்கும் நிலக்கரி, மரத்தடிகள், முந்திரிக்கொட்டை என்று இரவு பகலாகச் சரக்குகள் சாலைவழியே போய்வருகின்றன. அவற்றைச் சுமந்து செல்வோரில் நம் முஹல்லாவின் பிள்ளைகளும் உண்டு. லாரி உரிமையாளர்களாகவும் முகவர்களாகவும் நம்மவர் பலர் இருக்கின்றனர். ஆகவே சரக்கு வழியில் கெட்டுப்போனால் ஓட்டுநரின் பிழைப்பு என்னவாகிறது, அதில் ஷரீஅத்தின் தீர்ப்பு யாது என்பதை நாம் அறிந்திருத்தல் அவசியமாகும்.

ஏட்டில் இல்லாத பதிவு

சில நாடுகளில் ஓட்டுநரின் பணி வரலாறு எழுத்தில் இருக்கிறது. அமெரிக்காவில் ஓர் ஓட்டுநரை வேலைக்கு எடுப்பவர், அவர் முந்தைய மூன்றாண்டுகளில் பணியாற்றிய இடங்களில் விபத்து விவரங்களைக் கேட்டறிய வேண்டும் என்பது விதி. அந்தப் பதிலைப் பார்க்கவும், தவறிருந்தால் மறுப்பு எழுதவும் ஓட்டுநருக்கு உரிமை உண்டு.

நம் நாட்டில் போக்குவரத்துக் குற்றங்கள் அரசின் கணினியில் ஏறுகின்றன. சரக்கு நனைந்ததும் உடைந்ததும் அதில் ஏறுவதில்லை. அவை மனிதர் வாயில்தான் ஏறுகின்றன. லாரி செட்டிலும், புக்கிங் அலுவலகத்திலும், தேநீர்க் கடையிலும் “அவனிடம் சரக்கை நம்பிக் கொடுக்காதே” என்று ஒருவர் சொன்ன சொல் ஊர் முழுதும் பரவிவிடுகிறது. அதைப் பார்க்கவும் முடியாது. மறுப்பு எழுதவும் முடியாது. காரணம் தெரியாமலே ஒரு குடும்பம் மாதக்கணக்கில் வருமானமின்றித் தவிக்கிறது. வட்டிக் கடனின் வாசல் அப்போதுதான் திறக்கிறது.

யார் மீது பொறுப்பு?

சம்பளத்திற்கு வண்டியோட்டுபவரை ஃபிக்ஹு நூல்கள் ‘அஜீர் காஸ்’ என்று அழைக்கின்றன. அதாவது ஒருவருக்கென்றே உழைக்கும் பணியாளர். அவருடைய கை ‘அமானிதத்தின் கை’ ஆகும். எல்லை மீறினாலோ, காக்க வேண்டியதைக் காக்காமல் அசட்டையாக இருந்தாலோ அன்றி, அழிந்த பொருளுக்கு அவர் ஈடு கொடுக்க வேண்டியதில்லை என்பதே ஷாஃபிஈ, ஹனஃபி மத்ஹபுகளின் பொதுவான நிலை.

பலரிடம் கூலி பெற்று வேலை செய்வோர் நிலை வேறு. கைவினைஞர்களிடம் பொருள் அழிந்தால் அவர்களே ஈடு செய்யவேண்டும் என ஹள்ரத் அலீ (ரலி) அவர்கள் தீர்ப்பளித்ததாக அறிவிக்கப்படுகிறது. மக்களின் நலன் கருதிய தீர்ப்பு அது. இமாம்களான அபூயூசுஃப் (ரஹ்), முஹம்மது (ரஹ்) ஆகியோரும், தவிர்க்க இயலாத பேரிடர் நீங்கலாக, அத்தகையோர் ஈடு செய்யவேண்டும் என்றனர்.

நாட்டுச் சட்டமும் இதற்கு நெருங்கியே செல்கிறது. 2007இல் இயற்றப்பட்டு 2011இல் நடைமுறைக்கு வந்த சாலைவழிச் சரக்குப் போக்குவரத்துச் சட்டம், சரக்கை அனுப்பியவருக்குப் பொறுப்பாளியாகப் போக்குவரத்து நிறுவனத்தையே வைக்கிறது. இயற்கைப் பேரிடர், போர், கலவரம் போன்றவற்றுக்கு விலக்கும் அளிக்கிறது. ஓட்டுநரின் சம்பளத்தில் நஷ்டத்தைப் பிடிக்கவேண்டுமாயின், அது நேரடியாக அவருடைய கவனக்குறைவால் விளைந்திருக்க வேண்டும்; பிடிக்குமுன் அவர் தம் தரப்பைச் சொல்ல வாய்ப்பளிக்க வேண்டும்; பிடித்தம் நஷ்டத்தை மிஞ்சக்கூடாது. 1936ஆம் ஆண்டின் சம்பளப் பட்டுவாடாச் சட்டம் வகுத்த இந்நெறியை, 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த ஊதியச் சட்டத் தொகுப்பும் கொண்டிருக்கிறது.

விபத்துகள் எல்லாம் ஒன்றல்ல

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த பெருமழையை நம் மாவட்டத்தார் மறக்க இயலாது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று. சாலைகள் அறுந்தன, குவித்து வைத்த உப்பு கரைந்தது. அந்த வெள்ளத்தின் நடுவே நின்ற லாரியில் சரக்கு நனைந்திருந்தால், அது ஓட்டுநரின் குற்றமாகுமா?

கன்டெய்னரை எடுத்துக்கொள்ளுங்கள். ஆலையில் அடுக்கிப் பூட்டி, சீல் வைத்து ஒப்படைக்கப்படும் பெட்டி அது. இந்த முத்துக்குளித்துறையில் ஒரு காலத்தில் சிப்பிகளைத் திறவாமலே குவித்து ஏலம் விட்டார்கள். எடுத்தவருக்கு உள்ளே இருப்பது தெரியாது. ஓட்டுநரின் நிலையும் அதுவே. உள்ளே சரக்கைச் சரியாகக் கட்டாமல் ஒருபுறமாக ஏற்றியிருந்தால், வளைவில் பாரம் சாய்ந்து வண்டியே கவிழும். கப்பலேறும் ஒவ்வொரு கன்டெய்னரின் எடையையும் சரிபார்த்துத் தெரிவிப்பது அனுப்புபவரின் கடமை என்ற சர்வதேச விதி 2016 ஜூலை முதல் இருப்பதும் இதனாலேயே. ஆனால் டிரெய்லரின் நான்கு மூலைகளிலும் லாக் விழுந்திருக்கிறதா என்று பாராமல் புறப்பட்டதும், வளைவில் வேகம் குறைக்காததும் ஓட்டுநரின் அசட்டையே. இரண்டிலும் வண்டி கவிழ்ந்ததுதான் கண்ணுக்குத் தெரிகிறது. விசாரித்தால்தான் குற்றம் யாருடையது என்று விளங்கும்.

மூன்றாவது வகையும் உண்டு. வழியில் மூட்டையை இறக்கி விற்பது விபத்தன்று, கியானத். சரக்கைச் சுமந்து செல்பவர் செய்யும் நம்பிக்கை மோசடியைச் சட்டமும் தனிக் குற்றமாகவே தண்டிக்கிறது.

மறைப்பது கூடாது

அருமை நாயகம் (ஸல்) அவர்கள் கடைவீதியில் ஒரு தானியக் குவியலுக்குள் கையை விட்டபோது விரல்களில் ஈரம் பட்டது. மழையில் நனைந்துவிட்டது என்று வியாபாரி சொன்னார். நனைந்ததை மக்கள் காணும்படி மேலே வைத்திருக்கலாகாதா என்று கேட்ட அண்ணலார், ஏமாற்றுபவர் தம்மைச் சேர்ந்தவரல்லர் என எச்சரித்தார்கள். முஸ்லிம் நூலில் பதிவான ஹதீஸ் இது. மழை பெய்ததற்காக அவர் கண்டிக்கப்படவில்லை. ஈரத்தை மறைத்ததற்காகவே கண்டிக்கப்பட்டார். தார்ப்பாய் கிழிந்து மூட்டை நனைந்தால், ஓட்டுநர் உடனே முதலாளிக்குச் சொல்லிவிட வேண்டும். நனைந்த மூட்டையை அடியில் தள்ளிவைத்தால், குற்றமற்ற விபத்தைத் தாமே குற்றமாக்கிக் கொள்கிறார்.

கேட்பவரிடம் என்ன சொல்வது?

“உங்களிடம் வேலை செய்தவர் எப்படி?” என்று ஒருவர் கேட்டால், உண்மையைச் சொல்வது புறம் பேசுவதாகுமா? ஆலோசனை கேட்டவரிடம் தேவையான அளவு உண்மையைச் சொல்வது, புறம் அனுமதிக்கப்பட்ட சந்தர்ப்பங்களுள் ஒன்றென இமாம் நவவீ (ரஹ்) அவர்கள் ரியாளுஸ் ஸாலிஹீனில் விளக்கியுள்ளார்கள். ஆகவே திருடியவரைத் திருடியவர் என்று எச்சரிக்கலாம். ஆனால் கேட்காதவரிடம் தூற்றுவதும், ஆத்திரத்தில் கூட்டிச் சொல்வதும், விசாரிக்காமல் சொல்வதும் ஹராமாகும். வந்த செய்தியைத் தீர விசாரிக்கும்படி அல்ஹுஜுராத் அத்தியாயத்தின் 6ஆம் வசனத்தில் அல்லாஹ் கட்டளையிடுகிறான். அறியாமல் ஒரு கூட்டத்தாருக்குத் தீங்கிழைத்துப் பின்னர் வருந்த நேரும் என்றும் எச்சரிக்கிறான்.

மத்யன் நகரில் மூஸா (அலை) அவர்களைப் பணியில் அமர்த்தும்படி அந்தப் பெண்மணி தம் தந்தையிடம் பரிந்துரைத்ததை அல்கஸஸ் அத்தியாயம் கூறுகிறது. அவர் சொன்ன தகுதிகள் இரண்டு: வலிமை, நம்பகம். ஆடுகளுக்கு நீர் புகட்டியபோது நேரில் கண்ட மனிதரைப் பற்றியே அவர் பேசினார். ஊரார் பேச்சைக் கேட்டுச் சொல்லவில்லை.

நாம் செய்ய வேண்டியவை

ஓட்டுநர்கள் சீல் எண்ணையும் எடைச் சீட்டையும் சரிபார்த்த பின்னரே புறப்படட்டும். லாக்கையும் கயிற்றையும் தார்ப்பாயையும் வழியிலும் பார்க்கட்டும். சேதம் நேர்ந்தால் அங்கேயே படமெடுத்து, நேரத்தையும் இடத்தையும் குறித்து வைக்கட்டும்.

உரிமையாளர்கள் ஓட்டுநரின் சொல்லைக் கேட்ட பின்னரே முடிவு செய்யட்டும். வேலையிலிருந்து விலகுவோருக்கு, பணியாற்றிய காலத்தையும் உண்மை நிலையையும் எழுதிக் கொடுக்கட்டும். முழு உழைப்பையும் பெற்றுக்கொண்டு கூலியைக் கொடுக்காதவனுக்கு மறுமையில் அல்லாஹ்வே எதிர்வழக்காளியாக நிற்பான் என்ற புகாரீ நூலின் ஹதீஸை அவர்கள் மறந்துவிட வேண்டாம். தவறாக ஒருவரின் பெயரைக் கெடுத்திருந்தால், வாயளவில் தவ்பா செய்வது போதாது. எவரெவரிடம் சொன்னோமோ அவரவரிடமே சென்று திருத்திச் சொல்லுதல் வேண்டும்.

இருதரப்பும் ஒத்துப்போகாத வேளையில், ஜமாஅத் நிர்வாகிகள் இருவரையும் பள்ளிவாசலில் அமர்த்தி விசாரித்து வைப்பார்களாயின், ஒரு குடும்பத்தின் அடுப்பு அணையாமல் காத்த நன்மை அவர்களைச் சேரும்.

வல்ல ரஹ்மான் நம் கைகளில் ஒப்படைக்கப்பட்ட பொருளையும், நம் நாவில் ஒப்படைக்கப்பட்ட மனிதரின் மானத்தையும் பழுதின்றிக் காக்கும் நற்பேற்றை நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.