காது கேட்கவில்லை... கண் மறக்கவில்லை!
55 ஆயிரம் ரசிகர்கள் அலறிய அரை மணி நேரம்

பாட்டுக் கேட்கப் போனார்கள். பாட்டு காதில் விழவில்லை. ஆனால் அந்த இரவை அவர்கள் ஆயுள் முழுவதும் மறக்கவில்லை!

இப்படியும் ஒரு கச்சேரி நடக்குமா என்று நீங்கள் கேட்கலாம். நடந்தது. அமெரிக்காவில், நியூயார்க் நகரில் நடந்தது.

1965-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 15-ந் தேதி. ஞாயிற்றுக்கிழமை. நம் நாட்டில் சுதந்திர தினத்தைக் கொண்டாடிய அதே நாள்.

நியூயார்க்கில் "ஷே ஸ்டேடியம்" என்று ஒரு பிரமாண்டமான விளையாட்டு அரங்கம் இருந்தது. நமக்குக் கிரிக்கெட் போல அமெரிக்கர்களுக்கு "பேஸ்பால்". அந்த ஆட்டத்துக்காக 1964-ல் திறக்கப்பட்ட அரங்கம் அது.

அன்று அங்கே ஆட்டம் இல்லை. பாட்டு! பாட வந்தவர்கள் நான்கே பேர். பார்க்க வந்தவர்கள் 55 ஆயிரத்து 600 பேர்!

நான்கு வாலிபர்கள்

அந்த நால்வரும் இங்கிலாந்தில் உள்ள லிவர்பூல் என்ற துறைமுக ஊரைச் சேர்ந்தவர்கள். ஜான் லென்னன், பால் மெக்கார்ட்னி, ஜார்ஜ் ஹாரிசன், ரிங்கோ ஸ்டார். இந்தக் குழுவின் பெயர்தான் "பீட்டில்ஸ்".

மூவர் கித்தார் வாசிப்பார்கள். ரிங்கோ டிரம் அடிப்பார். பாட்டுகளைப் பெரும்பாலும் ஜானும் பாலும் சேர்ந்து எழுதி, தாங்களே மெட்டமைத்துப் பாடினார்கள்.

கச்சேரி நடந்த அன்று நால்வரில் மூத்தவரான ரிங்கோவுக்கு வயது 25. இளையவரான ஜார்ஜுக்கு 22!

1964 பிப்ரவரியில் அவர்கள் முதன் முதலாக அமெரிக்கா போனார்கள். எட் சல்லிவன் என்பவர் நடத்திய டெலிவிஷன் நிகழ்ச்சியில் பாடினார்கள். அதை 7 கோடியே 30 லட்சம் பேர் வீட்டில் இருந்தபடி பார்த்தார்கள். ஒரே இரவில் அமெரிக்கா முழுவதும் பைத்தியமாகிவிட்டது.

மாணவிகள் அவர்கள் படத்தைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு தூங்கினார்கள். மாணவர்கள் அவர்களைப் போல நெற்றியில் முடியை வளர்த்துக்கொண்டார்கள். முடியை வெட்டச் சொல்லித் தந்தைமார்கள் சத்தம் போட்டார்கள்.

வாய் விளம்பரம்

ஷே ஸ்டேடியத்தில் கச்சேரி வைக்கலாம் என்று துணிந்தவர் சிட் பெர்ன்ஸ்டைன். நியூயார்க்கில் கச்சேரிகள் நடத்தி வந்தவர்.

"இத்தனை பெரிய அரங்கம் நிறையுமா?" என்று பீட்டில்ஸ் குழுவின் நிர்வாகி பிரையன் எப்ஸ்டைன் தயங்கினார்.

"காலியாக இருக்கும் ஒவ்வொரு நாற்காலிக்கும் 10 டாலர் தருகிறேன்" என்று வாக்குக் கொடுத்தார் பெர்ன்ஸ்டைன். ஒரு டிக்கெட்டின் விலையே ஏறக்குறைய 5 டாலர்தான். துணிச்சலைப் பாருங்கள்!

முன்பணம் கட்டும்வரை விளம்பரம் செய்யக்கூடாது என்பது நிபந்தனை. ஆகவே அவர் ஒரு தபால் பெட்டி எண்ணை வாங்கினார். பூங்காவில் தன்னைச் சூழ்ந்துகொண்ட பிள்ளைகளிடம் செய்தியைச் சொன்னார். அவ்வளவுதான். பிள்ளைகள் பிள்ளைகளுக்குச் சொன்னார்கள்.

சில வாரம் கழித்துத் தபால் நிலையத்துக்குப் போனார். அவருக்காக மூட்டை மூட்டையாகக் கடிதங்கள் காத்திருந்தன. டிக்கெட்டுக்குப் பணம் அனுப்பிய கடிதங்கள்!

எல்லா டிக்கெட்டும் விற்றுத் தீர்ந்தன. வசூல் 3 லட்சத்து 4 ஆயிரம் டாலர். அதில் பீட்டில்ஸ் குழுவின் பங்கு 1 லட்சத்து 60 ஆயிரம் டாலர். ஒரு நாற்காலிகூடக் காலியாக இல்லை. பெர்ன்ஸ்டைன் அபராதம் கட்ட வேண்டியதே இல்லாமல் போயிற்று.

இரும்பு வண்டியில் வந்தனர்

நால்வரையும் அரங்குக்கு எப்படிக் கொண்டு வருவது? சாலை வழியாக வந்தால் ரசிகர்கள் காரையே பிய்த்து எடுத்துவிடுவார்கள்!

ஹெலிகாப்டரில் ஏற்றினார்கள். அது அரங்கத்தின் மேலே பறந்தபோது கீழே ஆயிரக்கணக்கான காமிராக்கள் ஒரே சமயத்தில் பளிச்சிட்டன. நட்சத்திரங்கள் எல்லாம் தரைக்கு இறங்கி வந்தது போல இருந்ததாம்.

ஹெலிகாப்டர் அரங்கத்துக்குள் இறங்க அனுமதி இல்லை. பக்கத்தில் உலகப் பொருட்காட்சி நடந்துகொண்டிருந்தது. அங்கே ஒரு கட்டடத்தின் மொட்டை மாடியில் இறங்கியது. அங்கிருந்து, பேங்குப் பணத்தை ஏற்றிச் செல்லும் இரும்புக் கவச வண்டியில் உட்கார வைத்து உள்ளே கொண்டு வந்தார்கள்.

அந்த வண்டிக் கம்பெனியின் நட்சத்திர வில்லைகளை நால்வரும் சட்டையில் குத்திக்கொண்டார்கள். அந்த வில்லையோடுதான் மேடையும் ஏறினார்கள். பழைய படங்களில் அதை இன்றும் காணலாம்.

அலறல்! அலறல்!

இரவு 9 மணிக்கு மேல் எட் சல்லிவன் மேடைக்கு வந்து அவர்களை அறிமுகப்படுத்தினார். நால்வரும் மைதானத்துக்குள் ஓடி வந்தார்கள்.

எழுந்தது ஓர் அலறல்!

அது கைதட்டல் அல்ல. கோஷமும் அல்ல. ஐம்பதாயிரம் தொண்டைகள் ஒன்றாகப் பிளந்தது போன்ற அலறல். காவலுக்கு நின்ற போலீசார் இரு காதுகளிலும் விரலை வைத்து அடைத்துக்கொண்டார்கள். அதைப் படம் பிடித்திருக்கிறார்கள்.

பெண்கள் தலைமுடியைப் பிடித்துக்கொண்டு அழுதார்கள். பலர் மூர்ச்சையாகி விழுந்தார்கள். சிலர் தடுப்பைத் தாண்டிக் குதித்து மேடையை நோக்கி ஓடினார்கள். போலீசார் துரத்திப் பிடித்துக் குண்டுக்கட்டாகத் தூக்கிச் சென்றார்கள்.

மேடை மைதானத்தின் நடுவே இருந்தது. அதைச் சுற்றி வெறும் புல்தரை. ரசிகர்களோ தொலைவில், உயரமான படிக்கட்டு வரிசைகளில் இருந்தார்கள். மேல் வரிசையில் இருந்தவர்களுக்கு நால்வரும் எறும்பு போலத்தான் தெரிந்தார்கள்.

ஏன் கேட்கவில்லை?

அந்தக் கச்சேரிக்கு 100 வாட் சக்தியுள்ள ஒலிபெருக்கிக் கருவிகளைக் கொடுத்திருந்தார்கள். அந்நாளில் அது பெரிய விஷயம். ஆனால் அவ்வளவு பெரிய அரங்குக்கு அது யானைப் பசிக்குச் சோளப்பொரி!

பாடுகிறவர்களின் குரல், ஆட்டத்தின்போது அறிவிப்புச் செய்யும் அரங்கத்து ஒலிபெருக்கிகள் வழியாக வந்தது. அலறலில் அது மூழ்கிப் போயிற்று.

இக்காலக் கச்சேரிகளில், பாடுகிறவர் தம் குரலைத் தாமே கேட்பதற்காக மேடையிலேயே அவர் பக்கம் திருப்பி ஒரு பெட்டி வைக்கிறார்கள். காதுக்குள்ளும் சிறு கருவி மாட்டுகிறார்கள். அன்று அப்படி எதுவும் இல்லை.

ஆகவே ரசிகர்களுக்கு மட்டும் அல்ல, பாடியவர்களுக்கே பாட்டு கேட்கவில்லை! இப்படிப்பட்ட கச்சேரிகளில், முன்னால் நிற்கும் மூவரின் தலையும் காலும் உடம்பும் ஆடுவதைப் பார்த்துத்தான் பாட்டு எந்த அடியில் போகிறது என்று தெரிந்துகொண்டேன் என்று ரிங்கோ பின்னாளில் சொன்னார்.

மொத்தம் 12 பாட்டு. அரை மணி நேரம். கடைசிப் பாட்டில் ஜான் உற்சாகம் தாங்காமல் முழங்கையால் மின்சார ஆர்கனை வாசித்தார். பக்கத்தில் நின்ற ஜார்ஜுக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை.

கச்சேரியைப் படமாக எடுத்தார்கள். ஒலிப்பதிவு சரியாக இல்லை. ஆகவே 1966 ஜனவரியில் லண்டனில் நால்வரும் கூடிப் பல பாட்டுகளை மறுபடி ஒட்டுப் போட்டுச் சரி செய்தார்கள்!

ஒரு தாயின் பரிசு

அன்று அலறிய கூட்டத்தில் ஒன்பது வயதுக் கறுப்பினச் சிறுமி ஒருத்தி இருந்தாள். பீட்டில்ஸ் என்றால் அவளுக்கு உயிர்.

வசதியான குடும்பம் அல்ல. தனியாக உழைத்து இரண்டு குழந்தைகளை வளர்த்த தாய். டிக்கெட்டுக்குப் பணம் இல்லை என்று அவளுக்குத் தெரியும்.

ஒரு நாள் தாய் அவளை அழைத்துக்கொண்டு ரெயில் ஏறினாள். எங்கே போகிறோம் என்று சொல்லவில்லை. ஷே ஸ்டேடியத்து வாசலில் போய் நின்றதும், தாயின் கையில் இருந்து வெளியே வந்தன இரண்டு டிக்கெட்டுகள்!

அந்தச் சிறுமிதான் பின்னாளில் ஆஸ்கார் பரிசு பெற்ற நடிகை வூப்பி கோல்ட்பெர்க். 2016-ல் வந்த ஒரு செய்திப் படத்தில் இதைச் சொன்னார். பல ஆண்டுகள் கழிந்த பிறகும் அதைச் சொல்லும்போது அவர் குரல் தழுதழுத்தது.

எங்கோ மேல் வரிசையில்தான் அவர்களுக்கு இடம். அதனால் என்ன? பாட்டை விட, அம்மா கொடுத்த அந்த நாள்தான் அவருக்குப் பெரிது.

அதே கூட்டத்தில் இன்னொரு பெண். 16 வயது. பாலை நேசிக்கிறேன் என்று ஓர் அட்டையில் எழ்தித் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார். அவர்தான் பிரபல நட்சத்திரம் மெரில் ஸ்ட்ரீப்! 1990-ல் கிராமி விருது விழாவில் அதே பாலுக்கு வாழ்நாள் சாதனை விருதை வழங்கும் வாய்ப்பு அவருக்குக் கிடைத்தது.

பக்கத்து நாற்காலி

வேறோர் அரங்கத்துக் கதையையும் சொல்ல வேண்டும். அது சற்று முந்தியது.

1964 செப்டம்பர். அமெரிக்காவின் தென்பகுதியில் உள்ள ஜாக்சன்வில் நகரம். அங்கே வெள்ளையருக்கு ஒரு பக்கம், கறுப்பினத்தாருக்கு ஒரு பக்கம் என்று பிரித்து உட்கார வைப்பது வழக்கம்.

"அப்படிப் பிரித்தால் நாங்கள் பாடமாட்டோம்" என்று பீட்டில்ஸ் அறிவித்தார்கள். மறு ஆண்டு, ஒப்பந்தத் தாளிலேயே அந்த நிபந்தனையை எழுதச் செய்தார்கள்.

11-ந் தேதி, "டோரா" என்ற சூறாவளி அடித்து ஓய்ந்த சமயத்தில், "கேட்டர் பவுல்" என்ற அரங்கில் அவர்கள் பாடினார்கள். கூட்டம் பிரிக்கப்படவில்லை.

அங்கே தன்னந்தனியாக வந்து உட்கார்ந்த ஒரு கறுப்பின மாணவி கிட்டி ஆலிவர். வெள்ளையர்களுக்கு நடுவே உட்கார்வது அவருக்கு அதுதான் முதல் தடவை. முதலில் பயந்தார். பாட்டு ஆரம்பித்ததும் எல்லோரும் எழுந்து கூடவே பாடினார்கள். அவரும் பாடினார். பயம் பறந்து போயிற்று. பின்னாளில் அவர் வரலாற்று அறிஞர் ஆனார்.

போதும் என்றார்கள்

ஷே ஸ்டேடியத்தின் அந்தக் கூட்டம் அந்நாளில் பெரிய சாதனை. 1973-ல்தான் "லெட் செப்பலின்" என்ற குழு அதை முறியடித்தது.

ஆனால் பீட்டில்ஸ் மனதில் அலுப்புத் தட்டிவிட்டது. "பாட்டைக் கேட்க யாரும் வருவதில்லை. நன்றாகப் பாடினாலும் ஒன்றுதான், மோசமாகப் பாடினாலும் ஒன்றுதான்" என்ற நிலை எந்தக் கலைஞனுக்குப் பிடிக்கும்?

1966-ல் மறுபடி ஷே ஸ்டேடியத்துக்கு வந்தபோது ஏறக்குறைய 11 ஆயிரம் இடங்கள் காலியாக இருந்தன.

அதே மாதம் 29-ந் தேதி சான்பிரான்சிஸ்கோவில் "கேண்டில்ஸ்டிக் பார்க்" என்ற அரங்கில் பாடினார்கள். அதுவே டிக்கெட் வாங்கிக்கொண்டு ரசிகர்கள் பார்த்த கடைசிக் கச்சேரி. ரசிகர்களுக்கு அது தெரியாது. ஆனால் நால்வரும் ஏறக்குறைய முடிவு செய்துவிட்டார்கள். மேடைக்கு ஒரு காமிராவைக் கொண்டு வந்து தங்களைத் தாங்களே படம் எடுத்துக்கொண்டார்கள்.

கச்சேரியை நாடாவில் பதிவு செய்யும்படி தங்கள் உதவியாளரிடம் சொன்னார் பால். கடைசிப் பாட்டு முடிவதற்குள் நாடா தீர்ந்துவிட்டது!

ஜான் லென்னன் 1980-ல் நியூயார்க்கில் சுட்டுக் கொல்லப்பட்டார். நம் நாட்டுச் சிதார் மேதை ரவிசங்கரிடம் பாடம் கேட்ட ஜார்ஜ் 2001-ல் புற்றுநோயால் காலமானார்.

அரங்குக்கு விடை

ஷே ஸ்டேடியத்துக்கும் முடிவு வந்தது. அதை இடித்துவிடுவது என்று முடிவாயிற்று. 2008 ஜூலை 18-ந் தேதி அங்கே கடைசிக் கச்சேரி. பில்லி ஜோயல் என்ற பாடகர் பாடிக்கொண்டிருந்தார்.

அன்று இரவு ஒரு விமானம் நியூயார்க்கில் வந்து இறங்கியது. அதில் இருந்தவர் பால் மெக்கார்ட்னி. வயது 66. போலீசார் வழி விலக்க, காரில் பறந்து வந்தார்.

மைதானத்துக்குள் அவரை ஒரு சிறு வண்டியில் மேடைக்கு ஓட்டி வந்தவர் யார் தெரியுமா? 1960-களில் பீட்டில்ஸ் நால்வரையும் அதே மைதானத்தில் வண்டியில் வைத்து ஓட்டிச் சென்ற பழைய ஊழியர்!

பால் பாடினார். இந்த முறை கருவிகள் எல்லாம் நவீனமானவை. குரல் கடைசி வரிசை வரைக்கும் தெளிவாகக் கேட்டது.

அடுத்த ஆண்டு அரங்கம் தரைமட்டம் ஆயிற்று. அந்த இடம் கார்கள் நிறுத்தும் இடமாக மாறியது.

1965-ல் அங்கே அலறிய பெண்கள் பலர் பாட்டிகள் ஆகிவிட்டார்கள். "என்ன பாட்டி கேட்டாய்?" என்று பேரப் பிள்ளைகள் கேட்டால், "எதுவும் கேட்கவில்லை கண்ணே, ஆனால் நான் அங்கே இருந்தேன்" என்பதுதான் அவர்கள் சொல்லக்கூடிய பதில். அதைச் சொல்லும்போது அவர்கள் முகத்தில் வரும் பெருமைக்கு ஐந்து டாலர் விலை அதிகமா?