பில் போடும் கருவியும் எழுதாத செலவும்

புது தில்லி உருவாகிவந்த நாட்களில், 1921-இல், கோல் மார்க்கெட் கட்டப்பட்டது. வட்டமான அந்தச் சந்தையைச் சுற்றித் தூண் வரிசைகளுக்குப் பின்னே அமைந்த கடைகளில் இனிப்புக் கடைகள் பெயர்பெற்றவை. தீபாவளியன்று சிவப்புத் துணி அட்டையிட்ட புதுக் கணக்கேட்டுக்குப் பூசை செய்வது வட இந்திய வணிகரின் மரபு. அந்த ஏட்டின் இடத்தை இன்று பெரும்பாலும் கணிப்பொறி பிடித்துவிட்டது. ஆனால் ஏட்டில் வரவும் செலவும் ஒரே கையால் எழுதப்பட்டன. கணிப்பொறியில் அவ்வாறு இல்லை. பில் போட்டவுடன் விற்பனை தானே பதிவாகிறது. செலவை ஒருவர் உட்கார்ந்து பதிந்தாக வேண்டும்.

இத்தகைய இனிப்புக் கடை ஒன்றின் மாத விற்பனை 5,00,000 ரூபாய் என்று கொள்ளலாம். பால், நெய், கூலி, வாடகை என 4,10,000 ரூபாய் பதியப்பட்டுள்ளது. மென்பொருள் 90,000 ரூபாய் இலாபம் காட்டும். வண்டிக் கூலி, ஐஸ், அடுப்புப் பழுது என்று கல்லாவிலிருந்து கொடுத்த 25,000 ரூபாய்க்குச் சீட்டு இல்லையெனில், உண்மை இலாபம் 65,000 ரூபாயே. இல்லாத இலாபத்திற்கு வரி செலுத்துவது ஒரு நட்டம். அந்தக் கணக்கை நம்பி இனிப்பின் விலையைக் குறைப்பது அதனினும் பெரிய நட்டம்.

ஒவ்வொரு செலவுக்கும் தேதி, பெற்றவர், செலவினம், தொகை, வரி, கொடுத்த முறை ஆகியவற்றை அன்றே பதிவது இன்றியமையாதது. பில்லைப் படமெடுத்துப் பதிவுடன் இணைக்கும் வசதி இன்று பல மென்பொருள்களில் உண்டு. செலவினம் குறிப்பதில்தான் தவறு மிகுதி. குளிர்பதனப் பெட்டி வாங்குவது மூலதனச் செலவு. ஆண்டுதோறும் தேய்மானமாகவே கழியும். அதன் பழுது நடப்புச் செலவு. உரிமையாளர் வீட்டுக்கு எடுத்த பணம் செலவே அன்று, சொந்த எடுப்பு.

கொடுத்த முறையைக் குறிப்பதற்கும் காரணம் உண்டு. ஒரே நாளில் ஒருவருக்கு ரொக்கமாகக் கொடுத்த தொகை 10,000 ரூபாயைத் தாண்டினால், அச்செலவை வருமான வரிக் கணக்கில் கழிக்க இயலாது. 20,000 ரூபாயாக இருந்த இவ்வரம்பு 2017-இல் குறைக்கப்பட்டது. பால் உற்பத்தியாளருக்கே நேரில் கொடுப்பது போன்ற சில விலக்குகள் உண்டு.

2017 ஜூலை 1 அன்று நடைமுறைக்கு வந்த சரக்கு-சேவை வரி செலவுப் பதிவின் மதிப்பை மேலும் உயர்த்தியது. கொள்முதலில் செலுத்திய வரியை, தகுதியுள்ள இனங்களில், விற்பனை வரியில் கழித்துக்கொள்ளலாம். விற்றவர் தம் கணக்கில் அதைக் காட்டியிருக்க வேண்டும். பில் தேதியிலிருந்து 180 நாட்களுக்குள் அவருக்குப் பணமும் சேர வேண்டும். தவறினால் கழித்த வரியை வட்டியுடன் திருப்ப நேரும். ஆகையால் நிலுவைப் பட்டியலை மாதந்தோறும் பார்ப்பது அவசியம்.

கம்பெனிகளின் கணக்கு மென்பொருள் ஒவ்வொரு திருத்தத்தையும் தேதியுடன் காட்டும் சுவடு வைத்திருக்க வேண்டும் என்ற விதி 2023 ஏப்ரல் 1 முதல் நடப்பில் உள்ளது. தனி உரிமையாளர் கடைக்கு இவ்விதி இல்லை. எனினும் கல்லாவில் இருவர் மூவர் மாறி மாறி அமரும் கடையில், யார் எதைத் திருத்தினார் என்பது உரிமையாளருக்கே தேவைப்படும் செய்தி. இரவு கடை அடைக்குமுன் கல்லாவை எண்ணித் திரையில் உள்ள ரொக்க இருப்புடன் ஒப்பிட்டால், விடுபட்ட சீட்டு அன்றே அகப்படும். மாத இறுதியில் தேடினால் அதைக் கொடுத்தவருக்கே நினைவிராது.