தண்ணீர் எங்கே போச்சு?

மதுரை அவனியாபுரத்தில் ஒரு வீட்டுக் கூடத்தில் கடல்மீன் தொட்டி இருப்பதாக வைத்துக்கொள்வோம். நீளம் 90 சென்டிமீட்டர், அகலம் 45. தண்ணீர் 40 சென்டிமீட்டர் உயரத்துக்கு நிற்கிறது. ஆரஞ்சு உடம்பில் வெள்ளைப் பட்டை போட்ட கோமாளி மீன் ஒரு ஜோடி, இரண்டு இறால், ஒரு நட்சத்திர மீன், பீங்கானில் செய்த பாறைகள். மதுரையில் கடல் ஏது? கடையில் விற்கும் கடல் உப்புக் கலவையை லிட்டருக்குச் சுமார் 35 கிராம் வீதம் நல்ல தண்ணீரில் கரைத்து, கடலை வீட்டிலேயே தயாரித்துவிடுகிறார்கள்.

பாறை ஏன் பீங்கானில்? நிஜப் பவளம் வைத்தால் அழகாக இருக்குமே என்று தோன்றும். தூத்துக்குடிக்கும் ராமேஸ்வரத்துக்கும் நடுவே, மன்னார் வளைகுடாவில் 21 தீவுகள் இருந்தன. அவற்றைச் சுற்றிப் பவளப்பாறைகள். அந்தப் பாறைகளைச் சுண்ணாம்புக்காகப் பல காலம் வெட்டி எடுத்தார்கள். அலையைத் தடுக்கப் பாறை இல்லாமல் போகவே, பூவரசன்பட்டி, விலாங்குசல்லி என்ற இரண்டு தீவுகள் கடலுக்குள் போய்விட்டன. 1986-இல் அந்தப் பகுதி தேசியப் பூங்கா ஆனது. 2001-இல் பவளங்கள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில், புலியும் யானையும் இருக்கிற அதே பட்டியலில், சேர்க்கப்பட்டன. ஆகவே நம் கடல் பவளத்தைப் பெயர்த்து வந்து வீட்டில் வைப்பது குற்றம். கோமாளி மீன் கதை வேறு. அதைக் கடலில் பிடிக்காமலே குஞ்சு பொரிக்க வைக்கும் முறையை மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் கண்டறிந்திருக்கிறது. அந்த நிலையம் 1947-இல் தொடங்கியதே நம் மண்டபம் ஊரில்தான்.

சரி, தொட்டிக்கு வருவோம். பங்குனி வெயில் ஏறியிருக்கிறது. ஒரு நாள் காலையில் வீட்டுப் பெண் கத்துகிறாள்.

"மாமா, தொட்டில தண்ணி இறங்கிருச்சு! நேத்துப் போட்ட கோட்டுக்கு இன்னைக்குக் கீழ நிக்குது."

"வெயிலு கொளுத்துதுல்ல தாயி, ஆவியாப் போயிருக்கும். நல்ல தண்ணி ரெண்டு சொம்பு ஊத்திவிடு."

மாமா சொன்னது சரியான யோசனையாக இருக்கலாம். அந்த நட்சத்திர மீனைச் சாகடிக்கும் யோசனையாகவும் இருக்கலாம். எது என்பது தண்ணீர் எந்த வழியாகப் போனது என்பதைப் பொறுத்தது. மேல்வழியாகப் பறந்ததா, கீழ்வழியாக ஒழுகியதா?

கணக்குப் போட்டால்தான் இதன் வம்பு புரியும். தொட்டியின் மேல்பரப்பு 90 × 45, அதாவது 4,050 சதுர சென்டிமீட்டர். தண்ணீர் அரை சென்டிமீட்டர் இறங்கினால் போனது 2 லிட்டர். ஃபேன் ஓடுகிற மதுரை வீட்டில் கோடையில் ஒரே நாளில் அவ்வளவு ஆவியாவது சாதாரணம். இப்போது ஒழுக்கைப் பாருங்கள். கண்ணாடி இணைப்பில் எங்கோ ஒரு மயிரிழை ஓட்டை. இரண்டு விநாடிக்கு ஒரு சொட்டு. ஏறத்தாழ 20 சொட்டு சேர்ந்தால் 1 மில்லிலிட்டர். ஒரு நாளைக்கு 86,400 விநாடி, அப்படியென்றால் 43,200 சொட்டு. மொத்தம் 2 லிட்டர் 160 மில்லி. அதே அரை சென்டிமீட்டர்தான்! கோட்டை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும்.

தரை நனையாதா என்று கேட்பீர்கள். நனையும். ஆனால் தொட்டிக்கு அடியில் பலகை, பலகைக்குக் கீழே கதவு மூடிய அலமாரி, அலமாரிக்குள் வடிகட்டியும் குழாய்களும். பலகை ஊறி, அலமாரி ஊறி, தண்ணீர் கூடத்துக்கு வந்து சேர நாள் பிடிக்கும்.

சாட்சி சொல்ல உள்ளேயே ஒருவர் இருக்கிறார்: உப்பு. தண்ணீர் ஆவியாகும்போது தண்ணீர் மூலக்கூறுகள் மட்டும் பறக்கும். உப்பு தொட்டியிலேயே தங்கிவிடும். தூத்துக்குடி உப்பளத்தில் நடப்பதும் இதுதான். ஆகவே மிச்சத் தண்ணீரில் கரிப்பு கூடும். ஒழுகும்போதோ தண்ணீரும் உப்பும் சேர்ந்தே வெளியேறும். மட்டம் இறங்கும், கரிப்பு அப்படியே இருக்கும்.

எங்கள் பக்கத்துப் பால்காரர்கள் பாலில் தண்ணீர் கலந்திருக்கிறதா என்று பார்க்க ஒரு கண்ணாடிக் குழாயை மிதக்க விடுவார்களே, பால்மானி, அதை உப்புத் தண்ணீரிலும் மிதக்க விடலாம். நல்ல பாலில் 26-க்கு மேல் காட்டும். கடல் நீரின் அடர்த்தியும் கிட்டத்தட்ட அதே அளவுதான் என்பதால், தொட்டித் தண்ணீரில் விட்டால் 25, 26 பக்கம் நிற்கும். கடல்மீன் வளர்ப்பவர்கள் பெரும்பாலும் ரிஃப்ராக்டோமீட்டர் வைத்திருப்பார்கள். உப்பு கூடக்கூட ஒளி அதிகமாக வளையும். அந்த வளைவை அளந்து, லிட்டருக்கு எத்தனை கிராம் உப்பு என்று காட்டும் கருவி அது.

நாலு நாள் தொட்டியில் எதையும் ஊற்றாமல் விடுவோம். மட்டம் 2 சென்டிமீட்டர் இறங்கி, உப்பு 35-லிருந்து 37 ஆகியிருந்தால் எல்லாம் ஆவியாகத்தான் போயிருக்கிறது. மாமா ஜெயித்தார். மட்டம் இறங்கியும் உப்பு 35-லேயே நின்றால் முழுக்க முழுக்க ஒழுக்கு. ஆனால் ஒழுகுகிற தொட்டியும் ஆவியாகத்தானே செய்யும்? அதனால் நிஜத்தில் இரண்டும் கலந்தே வரும். மட்டம் 4 சென்டிமீட்டர் இறங்கியிருக்கிறது, உப்போ 37 என்று வைத்துக்கொள்ளுங்கள். 37-க்கு உரிய ஆவி 2 சென்டிமீட்டர். மீதி 2 சென்டிமீட்டர் கீழே போயிருக்கிறது.

இதை வீட்டிலேயே செய்து பார்க்கத் தொட்டி எதற்கு? ஒரு முட்டை போதும். ஒரு பாத்திரத் தண்ணீரில் கல்லுப்பைக் கரைத்துக்கொண்டே வாருங்கள், முட்டை மிதக்கும்வரை. பிறகு கொஞ்சம் கொஞ்சமாக நல்ல தண்ணீர் விட்டு, முட்டை மறுபடி அடிக்குப் போகும் இடத்தில் நிறுத்துங்கள். முட்டையை எடுத்து வைத்துவிட்டு, தண்ணீரை இரண்டு அகன்ற பாத்திரங்களில் சரிபாதியாக ஊற்றுங்கள். ஒன்றை மொட்டை மாடியில் வெயிலில் வையுங்கள். இன்னொன்றைத் தட்டுப் போட்டு மூடி நிழலில் வையுங்கள். வெயில் பாத்திரம் பாதியானதும், நிழல் பாத்திரத்திலிருந்து கரண்டியால் மொண்டு கொட்டி அதையும் பாதியாக்குங்கள். கரண்டிதான் இங்கே ஒழுக்கு. இப்போது அதே முட்டையை இரண்டிலும் போடுங்கள். வெயில் பாத்திரத்தில் மிதக்கும், மற்றதில் முங்கும்.

கெட்டிக்காரப் பிள்ளை ஒன்று இடைமறிக்கும்: நாள் ஆக ஆக முட்டைக்குள் காற்று கூடி முட்டையே இலேசாகிவிடுமே, மிதந்தது அதனாலோ? நல்ல கேள்வி. அதற்காகத்தான் இரண்டாவது பாத்திரம். முட்டை இலேசானதுதான் காரணம் என்றால் இரண்டிலும் மிதக்க வேண்டும்.

சரி, ஒழுக்குதான் என்று தெரியாமல் நல்ல தண்ணீரையே தினமும் ஊற்றிக்கொண்டிருந்தால் என்ன ஆகும்? தினம் 2 லிட்டர் உப்புத் தண்ணீர் வெளியே, 2 லிட்டர் நல்ல தண்ணீர் உள்ளே. மட்டம் கச்சிதமாக இருக்கும். வீட்டில் எல்லோரும் நிம்மதியாக இருப்பார்கள். 20 நாளில் உப்பு 35-லிருந்து 27-க்கு வந்திருக்கும். கோமாளி மீன் ஓரளவு தாங்கும். கடல் மீன் தண்ணீரைக் குடித்து, மிஞ்சிய உப்பைச் செவுள் வழியாக வெளியேற்றத் தெரிந்த பிராணி. நட்சத்திர மீனுக்கு அந்த வித்தை கிடையாது. அதன் உடம்புக்குள் இருக்கிற நீரும் வெளியே இருக்கிற கடலும் ஏறக்குறைய ஒரே கரிப்பு. வெளியே உப்பு குறைந்தால் தண்ணீர் அதன் செல்களுக்குள் புகுந்து ஊத வைத்துவிடும். பவளத்துக்கும் இதே கதிதான். ஆவிக்கு ஈடு நல்ல தண்ணீர், ஒழுக்குக்கு ஈடு உப்புத் தண்ணீர். மாற்றி ஊற்றக் கூடாது.

ஒழுகும் இடத்தைக் காட்டிக்கொடுப்பதும் உப்புதான். சுவரில் உப்பு பூத்திருக்கிறது என்று வீட்டில் சொல்வார்களே, அதேபோலக் கண்ணாடி இணைப்பின் வெளிப்பக்கத்தில் வெள்ளை வெள்ளையாகப் பொரிந்து நிற்கும். கசிந்த நீர் காய்ந்து, உப்பு மட்டும் மிஞ்சிய தடம் அது. டார்ச் அடித்துக் கீழ்மூலைகளைப் பாருங்கள். அந்த வெள்ளையைத் துடைத்துவிட்டு டிஷ்யூ தாளைச் சுருட்டி ஓரம் பூராவும் வைத்தால், முதலில் எந்த இடம் நனைகிறது என்று தெரியும். பாதி நேரம் கண்ணாடி மேல் குற்றமே இருக்காது. குழாய் இணைப்பு தளர்ந்திருக்கும், அல்லது காற்றுக் குமிழி தெறித்து விளிம்பில் வழிந்திருக்கும். முதலில் அதைப் பார்த்துவிட்டு அப்புறம் பயப்படலாம்.

கையை விடுமுன் ஒன்று. உப்புத் தண்ணீரில் மின்சாரம் நன்றாகப் பாயும். பெரியவர் ஒருவரைக் கூப்பிட்டு, ஈரம் படாத இடத்தில் நின்று தொட்டிக்குப் போகும் சுவிட்சை அணைக்கச் சொல்லுங்கள். ஒயர் தொட்டியிலிருந்து நேராகப் பிளக்குக்கு ஏறக் கூடாது. பிளக்குக்குக் கீழே தொங்கி, வளைந்து, பிறகு மேலே ஏற வேண்டும். அப்போதுதான் ஒயர் வழியாக இறங்கிவரும் தண்ணீர் வளைவிலேயே சொட்டிவிடும்.

ஒழுக்கு பெரும்பாலும் ஏன் அடியில் வருகிறது? தண்ணீரின் அழுத்தம் ஆழத்தைப் பொறுத்தது. தொட்டி எவ்வளவு நீளம் என்பதைப் பொறுத்தது அல்ல. நம் தொட்டியின் அடியில் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டர் மீதும் 41 கிராம் அழுத்துகிறது. முன்பக்கக் கண்ணாடியை முழுசாகச் சேர்த்தால் 74 கிலோ, அதாவது ஒரு பெரிய ஆள் இராத்திரி பகலாகச் சாய்ந்து தள்ளிக்கொண்டே இருப்பது போல. முல்லைப் பெரியாறு அணையைக் கட்டிய பென்னிகுவிக்குக்கு இந்தக் கணக்கு நன்றாகவே தெரியும். 1895-இல் முடிந்த அந்த அணை உச்சியில் 4 மீட்டர்கூட அகலமில்லை. அடியிலோ சுமார் 42 மீட்டர். நம் ஊர்க் கண்மாய்க் கரையும் அடி பெருத்து, மேலே சிறுத்துத்தான் இருக்கும். கண்ணாடித் தொட்டிக்கு அப்படி அடி பெருக்க வைக்க முடியாது; மேலிருந்து கீழ்வரை ஒரே கனம். வம்பு அங்கேதான்.

ஜெர்மனியில் பெர்லின் நகர ஹோட்டல் ஒன்றில் அக்குவாடோம் என்று ஓர் உருளைத் தொட்டி இருந்தது. சுமார் 15 மீட்டர் உயரம், 10 லட்சம் லிட்டர் தண்ணீர், ஏறத்தாழ 1,500 மீன்கள். 2022 டிசம்பர் 16 விடியற்காலையில் அது வெடித்துச் சிதறியது. அடியில் இருந்த அழுத்தம் நம் தொட்டியைப் போல முப்பத்தைந்து மடங்குக்கும் மேல். விடிகிற நேரமாதலால் கூடத்தில் ஆட்கள் அதிகமில்லை, இரண்டு பேர் காயத்தோடு தப்பினார்கள். பெரிய தொட்டியில் இருந்த மீன்கள் அநேகமாக எல்லாமே போய்விட்டன.

நம் தொட்டிக்கு முதலுதவி எளிது: மட்டத்தை இறக்குங்கள். உயரத்தைப் பாதியாக்கினால் கண்ணாடி மீது விழும் தள்ளல் பாதியாகாது, கால்வாசியாகும். அழுத்தமும் பாதி, அழுத்தம் படும் கண்ணாடிப் பரப்பும் பாதி, இரண்டும் சேர்ந்து கால். 74 கிலோ 18-க்கு வந்துவிடும். ரப்பர் குழாயை வைத்துச் சைஃபன் முறையில் இறக்கலாம். அந்தத் தண்ணீரைச் சாக்கடையில் விட்டுவிடாதீர்கள், மீனுக்குப் பழகிய தண்ணீர் அது. குடிதண்ணீர் வாங்கும் 20 லிட்டர் கேன்கள் நாலு இருந்தால் பாதித் தொட்டி அடங்கிவிடும். மீன்களைச் சுத்தமான பெரிய டப்பில் விட்டு, பேட்டரியில் ஓடும் காற்றுப் பம்பு வையுங்கள். சூடான தண்ணீரில் ஆக்ஸிஜன் குறைவாகவே கரையும். உப்புத் தண்ணீரில் இன்னும் குறைவு. மதுரை வெயிலில் இரண்டும் சேர்ந்து வரும்.

ஒட்டு வேலை பெரியவர்களுடையது. ஆனால் ஏன் அப்படிச் செய்கிறார்கள் என்று வேடிக்கை பார்க்கலாம். வெளிப்பக்கம் சிலிக்கான் அப்பினால் நிற்காது. உள்ளிருந்து தண்ணீர் அதைத் தள்ளிப் பெயர்த்துவிடும். உள்பக்கம் பூசினால் அதே தண்ணீர் ஒட்டை அழுத்திப் பிடிக்கும். பழைய சிலிக்கான் மேல் புதியது சரியாகப் பிடிக்காது. பிளேடால் சுரண்டி, கண்ணாடியை வெறுமையாக்கிய பிறகே பூச வேண்டும். பூசியதும் வினிகர் வாடை வரும். காற்றில் உள்ள ஈரத்தை உறிஞ்சி சிலிக்கான் இறுகும்போது அசிட்டிக் அமிலம் வெளியேறுகிறது. வினிகரில் இருப்பதும் அதுவே. இறுக்கம் மேல்தோலிலிருந்து உள்ளே மெதுவாக இறங்கும், ஒரு நாளைக்கு இரண்டு மூன்று மில்லிமீட்டர்தான். அவசரப்பட்டால் மேலே தொட்டுப் பார்க்கக் கெட்டியாகவும் உள்ளே கூழாகவும் இருக்கும். குளியலறைக்கென்று விற்கும் பூஞ்சைத் தடுப்பு சிலிக்கான் வேண்டாம். பூஞ்சையைத் தடுக்கும் மருந்து மீனையும் தடுத்துவிடும்.

வாடை முழுக்கப் போன பிறகு, தொட்டியை வராந்தாவில் வைத்து இரண்டு நாள் வெறும் தண்ணீர் நிரப்பிச் சோதிப்பார்கள். மட்டம் மறுபடி அரை சென்டிமீட்டர் இறங்கிவிட்டது! இப்போது உப்பு கிடையாது, நம் சாட்சி இல்லை. என்ன செய்வது? பக்கத்திலேயே ஓர் அகன்ற டப்பில் தண்ணீர் நிரப்பிக் கோடு போட்டு வையுங்கள். அதே வெயில், அதே காற்று. டப்பிலும் அரை சென்டிமீட்டர் இறங்கியிருந்தால் ஒட்டு பிடித்துவிட்டது. வானிலைத் துறையும் இப்படித்தான் ஆவியை அளக்கிறது, 122 சென்டிமீட்டர் விட்டமுள்ள வட்டத் தொட்டியில். நம் நாட்டில் அதன் மேல் கம்பி வலை போட்டு மூடியிருப்பார்கள், காக்கையும் நாயும் வந்து குடித்துவிட்டால் அதுவும் ஆவிக் கணக்கில் ஏறிவிடுமே. உங்கள் டப்புக்கும் ஒரு வலை தேவை, வீட்டில் பூனை இருந்தால் கட்டாயம்.