துணையும் சுதந்திரமும்

பிறர் துணையின்றி வாழ்பவர் உலகில் ஒருவருமிலர். நாம் உண்ணும் சோற்றை உழவன் விளைவிக்கின்றான். நாம் ஏறும் வண்டியைப் பிறனொருவன் ஓட்டுகின்றான். அதனால் நம்மைச் சுதந்திரமற்றவர் என்று எவரும் உரைப்பதில்லை. இவ்வுண்மையை மனத்திற்கொண்டு, ஆட்டிசம் அல்லது மதியிறுக்கம் எனப்படும் இயல்புடையார் வயதுவந்தபின் வாழுமாற்றை ஈண்டு ஆராய்வோம்.

மதியிறுக்கம் நோயன்று, மூளை வளர்ச்சியில் அமைந்த வேறுபாடு. பேசுதல், பிறரோடு பழகுதல், ஓசையையும் ஒளியையும் தாங்குதல் ஆகியவற்றில் இவ்வியல்புடையார் பிறரின் வேறுபடுவர். மாறாத ஒழுங்கைப் பெரிதும் விரும்புவர். சிலர் நூல்கள் பல கற்பர். சிலர் ஒரு சொல்லும் பேசார். ஆகலின் ஒருவர்க்கேற்ற துணை மற்றொருவர்க்கு ஏலாது.

1943-ம் ஆண்டில் லியோ கானர் என்னும் மருத்துவர் இவ்வியல்பை விளக்கி எழுதிய கட்டுரையில் முதற்கண் குறிக்கப்பெற்றவர், அமெரிக்காவில் பாரஸ்ட் என்னும் சிற்றூரினரான டொனால்ட் டிரிப்லெட். இளமையில் ஓர் உழவர் இல்லத்தில் அவர் தங்கியிருந்தபொழுது, எதனையும் எண்ணிக்கொண்டேயிருக்கும் அவரது பழக்கத்தை அவ்வுழவர் தடுத்திலர். சோள வரிசைகளை எண்ணியவாறே உழுவதற்கு இடந்தந்தனர். பின்னர் அவர் ஊர் வங்கியில் நெடுங்காலம் பணிபுரிந்தார், 27-ம் வயதில் மோட்டார் வண்டி ஓட்டக் கற்றார், பல நாடுகளைக் கண்டு வந்தார், 2023-ல் காலமானார். குடும்பத்தின் செல்வம் அவர்க்கு உதவியது மெய்யே. எனினும் ஊரார் அவரியல்பை அறிந்து அன்புடன் நடந்தமையும் பெருந்துணையாயிற்று.

நம்மூரில் இத்துணை எவ்வாறு அமையும்? கடலூரினின்று சிதம்பரத்திற்குப் பாசஞ்சர் வண்டியிற் செல்வதை எடுத்துக்கொள்வோம். முதலில் துணைவர் உடன் அமர்வர். ஆலப்பாக்கம், பரங்கிப்பேட்டை, கிள்ளை என நிலையங்களை வரிசையாக எழுதிய அட்டையொன்றைக் கையிற் கொடுப்பர். சில நாட்களுக்குப்பின் வேறிருக்கையில் அமர்வர். பின்னர்ச் சிதம்பரத்திற் காத்திருப்பர். முடிவில் தொலைபேசியில் ஒரு சொல்லே போதியதாகும். சிலர்க்கோ உடனமரும் துணை என்றும் வேண்டும். அவரும் எங்கு, எவரோடு செல்வதெனத் தாமே தெரிந்தெடுப்பாராயின் அதுவும் சுதந்திரமேயாம்.

சட்டமும் இந்நெறியிற் செல்கின்றது. 1999-ம் ஆண்டுத் தேசிய அறக்கட்டளைச் சட்டம் இத்தகையோர்க்குப் பாதுகாவலரை நியமிக்க வழிசெய்தது. 2016-ம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமோ, சமூகத்தின் நடுவே வாழும் உரிமையை அவர்க்கு உறுதிசெய்தது. பாதுகாவலர் அவரோடு கூடி, அவர் விருப்பத்திற்கிணங்கவே முடிவுசெய்தல் வேண்டுமென்றும் விதித்தது.

'எமக்குப்பின் இவனுக்கு யார்?' என்பதே பெற்றோரை வருத்தும் வினா. அவர் உயிரோடிருக்கும்பொழுதே விடை தேடல் வேண்டும். இருவர் மூவர் ஒரு துணைவரோடு வாழும் சிறு வீடொன்றில், மாதத்திற் சில இரவுகள் மகனோ மகளோ தங்கிப் பழகுக. பின்னர் அவை பெருகுக. ஒழுங்கின் மாற்றத்தைத் தாங்கலாற்றாதவர்க்குத் தாயின் பிரிவும் வீட்டின் பிரிவும் ஒரே நாளில் நேர்தல் பெருங்கொடுமையன்றோ?

மாணவ நண்பர்களே! நாளை உங்களுட் சிலர் வங்கியிலும் மருத்துவமனையிலும் பள்ளியிலும் அமர்வீர்கள். அங்கு இவ்வியல்புடையார் ஒருவர் வரின், உடன் வந்தவரை வினவாது அவரையே வினவுங்கள். விடை வருமளவும் பொறுத்திருங்கள். அச்சிறு பொறுமையும் ஒரு துணையேயாகும்.